கண்ணாடிக்கு அடங்காத கண்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வகைப் பையனை நன்றாகத் தெரியும். ஓ.எல் படிக்கிற வயது. பையில் ஒன்றுக்கு இரண்டு மூக்குக் கண்ணாடி இருக்கும், இரண்டும் சரியில்லை என்பான். ஒன்று போன வருடம் கல்முனையில் எடுத்தது, மற்றது இந்த வருடம் அம்பாறையில் எடுத்தது. கூட வந்த உம்மாவுக்குப் பொறுமை போயிருக்கும். "எங்க காட்டினாலும் புதுசா ஒரு நம்பர்தான் தாறாங்க சேர். படிக்கப் பஞ்சியில சொல்றானோ தெரியா."

பையன் பொய் சொல்லவில்லை. கண்ணாடி கொடுத்தவர்களும் பெரும்பாலும் பிழை விட்டிருக்க மாட்டார்கள். அளந்த அன்று அந்த நம்பர் சரியாகத்தான் இருந்திருக்கும். அளந்த பிறகு கண்தான் வேறு வடிவத்துக்குப் போய்விட்டது.

நான் இறக்காமத்தான். ஊருக்குச் சோறு போடுவது வெள்ளாமையும் குளமும். எனக்குச் சோறு போடுவது கண் பரிசோதனை. கல்முனைப் பக்கம் ஒரு சின்ன அறை இருக்கிறது. வெள்ளிக்கிழமை அறை பூட்டு. அன்றைக்கு வரிப்பத்தான்சேனை, மாணிக்கமடுப் பக்கத்து ஆட்கள் வீட்டு விறாந்தைக்கே வந்துவிடுவார்கள். இத்தனை காலத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த நோய் எது என்று கேட்டால் கெரட்டோகோனஸ் என்பேன். கண்புரை வயதானால் வரும், எடுத்தால் போகும். சீனி வருத்தத்தில் விழித்திரை கெடுவது பயங்கரம், ஆனால் அதன் போக்கு எல்லோருக்கும் தெரியும். இந்த நோய் அப்படியில்லை. பள்ளிப் பாடத்தில் விழிவெண்படலம் என்று படித்த அந்தக் கண்ணாடி போன்ற முன்படலம், அதாவது கோர்னியா, நல்ல சுகதேகியான ஒரு பிள்ளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து கூம்பாக முன்தள்ளுகிறது. வலி இல்லை, சிவப்பு இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் அழகான கண்.

முதல் சந்தேகம் எனக்கு வருவது இருட்டறையில். ரெட்டினோஸ்கோப் என்ற கைக்கருவியால் கண்ணுக்குள் ஒரு மெல்லிய ஒளிக்கோட்டை விட்டு மெதுவாகப் பக்கவாட்டில் அசைப்போம். சாதாரணக் கண்ணில் உள்ளிருந்து திரும்பும் சிவந்த ஒளி ஒரே பட்டையாக நகரும். இந்தக் கண்ணில் பட்டை நடுவில் பிளந்து, இரண்டு துண்டும் ஒன்றையொன்று நோக்கி வந்து மூடி, மறுபடி திறக்கும். கத்தரி அசைவு என்பது அதன் பெயர். அதைக் கண்டதும் நம்பர் தேடுவதை நிறுத்திவிடுவேன். கோர்னியாவின் வளைவை அளக்கும் கெரட்டோமீட்டரில் தாடையை வைக்கச் சொல்லி, கோர்னியாவில் விழுகிற வட்டத்தைப் பார்ப்பேன். வட்டம் வட்டமாக இராது. ஒரு பக்கம் இழுபட்டு, கீழே நெருங்கிக் கலங்கி இருக்கும். பக்கத்துக் கூட்டல் குறிகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்த எவ்வளவு திருகினாலும் பொருந்தா. ஆரோக்கியமான கோர்னியா 43 டயொப்டர் அளவில் வளைந்திருக்கும். 48ஐத் தாண்டினால் பேச்சை மாற்ற வேண்டியதுதான்; 55, 60 என்று போன கண்களும் வருகின்றன. அந்த நிலையில் கீழே பார்க்கச் சொல்லிவிட்டுத் தலைக்கு மேலிருந்து பார்த்தால், கீழ் இமையே ஒரு மூலைபோல வளைந்து நிற்பது தெரியும். மன்சன் அடையாளம் என்று பாடப் புத்தகம் இதற்குப் பெரிய இடம் கொடுக்கும். என்னைக் கேட்டால் இது தெரிகிற அளவுக்கு விட்டிருக்கவே கூடாது.

பிள்ளைகள் சொல்லும் விவரங்களிலும் நோய் தெரியும், கேட்கத் தெரிந்தால். நோன்புப் பெருநாளைக்குப் பள்ளிவாசல் முற்றத்தில் எல்லோரும் பிறை பார்த்தபோது தனக்கு மட்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று பிறை தெரிந்தது என்று ஒருவன் சொன்னான். வீட்டார் சிரித்திருக்கிறார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் மூன்றா என்று கேட்டேன், ஆமென்றான். இரண்டு கண்ணும் ஒத்துழைக்காததால் வரும் இரட்டைப் பார்வை, ஒன்றை மூடினால் போய்விடும். ஒற்றைக் கண்ணிலேயே பல உருவம் தெரிந்தால் கோளாறு அந்தக் கண்ணின் மேற்பரப்பிலோ வில்லையிலோ இருக்கிறது. துளையிட்ட அட்டையை முன்னால் பிடித்தேன், எழுத்து ஒற்றையாயிற்று.

லிவர்ப்பூலில் இருந்த ஜோன் நொட்டிங்ஹாம் என்ற மருத்துவர் 1854இலேயே இந்தக் கூம்பு விழியைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதிவிட்டார். அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேலாக மருத்துவ உலகம் பேசியது பெரும்பாலும் வடிவத்தைத்தான்: எத்தனை டயொப்டர், எந்த அச்சு, எத்தனை மைக்ரோன் மெலிவு. நானும் அப்படித்தான் படித்தேன். வடிவம் கடைசியில் வருவது. முதலில் போவது பலம். இது புரிந்த பிறகுதான் நான் நோயாளியிடம் கேட்கிற கேள்விகளே மாறின.

கோர்னியா நடுவில் ஏறத்தாழ 540 மைக்ரோன் தடிப்பு, அரை மில்லிமீட்டரைவிடச் சற்றுக் கூட. அதில் பத்தில் ஒன்பது பங்கு ஸ்ட்ரோமா என்ற நடுப்படை. அதற்குள் கொலாஜன் நார்கள் நூற்றுக்கணக்கான மெல்லிய தட்டுகளாக அடுக்கியிருக்கின்றன. பின்பக்கத்துத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா படிந்திருக்கும். முன்பக்கத்தில் அப்படியல்ல, பன்பாய் இழைத்ததுபோல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பின்னியிருக்கும். கோர்னியாவின் பலம் பெரும்பகுதி இந்த முன்பக்கப் பின்னலில்தான். கார்டிஃபில் கீத் மீக் குழுவினர் எக்ஸ் கதிரைச் செலுத்தி இந்த நார்கள் ஓடும் திசையைப் படமெடுத்தார்கள். நல்ல கோர்னியாவின் நடுவில் நார்கள் முக்கியமாகக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. கெரட்டோகோனஸ் கண்ணில் கூம்பைச் சுற்றி அந்த ஒழுங்கு குலைந்து கிடக்கிறது. தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர்ந்துவிடுகின்றன என்ற விளக்கம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது.

கண்ணுக்குள்ளே எப்போதும் ஓர் அமுக்கம் இருக்கிறது. சராசரியாக 15 மில்லிமீட்டர் இரசம். இரவும் பகலும் அது கோர்னியாவை உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கெரட்டோகோனஸில் இந்த அமுக்கம் கூடுவதில்லை, தாங்குகிற சுவர்தான் இளகுகிறது. டென்மார்க்கில் அண்ட்ரியாசன் குழுவினர் 1980இல் கோர்னியாவைக் கீற்றாக வெட்டி இழுத்துப் பார்த்து, நோயுற்றது ஆரோக்கியமானதைவிட எளிதில் நீளுகிறது என்று காட்டினார்கள். 2014இல் சிந்தியா ரொபர்ட்ஸ், வில்லியம் டப்ஸ் இருவரும் எழுதிய விளக்கம் என் மனதில் நின்றுவிட்டது. பலவீனம் கோர்னியா முழுக்கப் பரவலாகத் தொடங்குவதில்லை. ஓர் இடத்தில் தொடங்குகிறது. அந்த இடம் பக்கத்து இடங்களைவிடக் கூட நீளும். நீண்டால் மெலியும். மெலிந்த இடத்தில் அதே அமுக்கம் கூடுதல் சுமையாகிறது. சுமை கூடினால் இன்னும் நீளும். அதே வருடம் பொஸ்டனில் ஸ்கார்செலி, யுன் ஆகியோர் கண்ணைத் தொடாமல் ஒளியை மட்டும் வைத்துப் பொருளின் விறைப்பை அளக்கும் பிரில்லுவான் முறையால் பார்த்தபோது, கூம்புப் பகுதி மட்டும் இளகியிருந்தது, அதற்கு வெளியே ஏறக்குறைய ஆரோக்கியமான கோர்னியாவின் அளவே இருந்தது. விளக்கமும் அளவும் ஒத்துப் போயின.

இந்தப் பலத்தை உயிருள்ள கண்ணில் அளக்கும் மெசினை நான் முதலில் பார்த்தது சென்னையில், ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரியில். கோர்விஸ் என்று பெயர். தாடையை வைத்ததும் ஒரு காற்றுப் பொட்டு 'டப்' என்று கண்ணில் அடிக்கும். அடி வாங்கிய கோர்னியா உள்ளே குழிந்து மறுபடி வெளியே வருவதை ஒரு கமெரா வினாடிக்கு 4,330 படம் என்ற வேகத்தில் எடுக்கும். கண் சிமிட்டும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். மெதுவாக்கித் திரையில் ஓட விட்டார்கள். நல்ல கண் ஒழுங்காகக் குழிந்து ஒழுங்காக மீண்டது. கெரட்டோகோனஸ் உள்ள அடுத்த பெடியனின் கண் கூட ஆழமாக, கூட விரைவாகக் குழிந்தது. அத்தனை வருடமும் எண்களாகவே தெரிந்த ஒன்றைப் படமாகப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அதற்கு முன்பே 2005இல் ரைக்கர்ட் கம்பனி விட்ட இன்னொரு மெசின், காற்று அடிக்கும்போது கோர்னியா உள்ளே போகையில் தட்டையாகிற கணத்தையும் திரும்பி வருகையில் தட்டையாகிற கணத்தையும் பிடித்து, இரண்டு அமுக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கிறது. ஹிஸ்டெரிசிஸ் என்பார்கள். நல்ல கண்களில் அது சராசரியாகப் 10, 11. கெரட்டோகோனஸில் 8 அளவுக்கு இறங்கும். ஆனால் நல்ல கண்ணிலும் 8 வரும், நோயுள்ள கண்ணிலும் 10 வரும். அதனால் அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு யாருக்கும் நோய் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. வடிவப் படத்தையும் பல அளவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள், அதுதான் சரி.

என் அறையில் இந்த மெசின் இரண்டும் இல்லை. ஆனால் கோர்னியாவின் பலத்தை எட்டத்திலிருந்தே ஊகிக்க ஒரு வழி இருக்கிறது. காலம். ஆறு மாதத்துக்கு முன் கண்ணாடியின் சிலிண்டர் நம்பர் என்ன, இன்று என்ன. அச்சு எந்தப் பக்கம் சாய்ந்தது. கெரட்டோமீட்டர் எண் எவ்வளவு ஏறியது. பலமுள்ள கோர்னியா நின்ற இடத்தில் நிற்கும். பதினாறு வயதில் ஆறு மாதத்துக்குள் ஒரு டயொப்டர் ஏறியிருந்தால் சுவர் இளகுகிறது என்றுதான் அர்த்தம். ஆகவே வருகிறவர்களிடம் பழைய கண்ணாடி, பழைய துண்டு, கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் கேட்பேன். உடைந்த கண்ணாடியாக இருந்தாலும் லென்ஸை எடுத்து அளந்துவிடலாம்.

வயதும் ஒரு மருந்து என்பது இந்த நோயின் விசித்திரம். பதின்ம வயதில் தொடங்கி, பலருக்கு முப்பதுகளில் தானாக வேகம் குறைந்து நின்றுவிடும். வயது போகப் போகக் கொலாஜன் நார்களுக்கிடையே குறுக்கே புதுப் பிணைப்புகள் உண்டாகிக் கோர்னியா விறைக்கிறது. இரத்தத்தில் சீனி கூடினாலும் அதே வகைப் பிணைப்பு ஏற்படுகிறது. நீரிழிவுக்காரர்களிடம் கெரட்டோகோனஸ் குறைவு என்று பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. இதைச் சொன்னதும் ஒரு வாப்பா, "அப்ப இவனுக்குச் சீனி கூடக் குடுக்கலாமோ" என்று கேட்டார். பகிடிக்குத்தான் கேட்டாரென்று நம்புகிறேன்.

செயற்கையாக அந்தப் பிணைப்பை உண்டாக்குவதுதான் கிராஸ்லிங்கிங். ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் தியோ சைலர், எபர்ஹார்ட் ஸ்பொயர்ல், கிரெகொர் வொலன்சாக் மூவரும் வளர்த்த முறை. கோர்னியாவின் மேல்தோலை நீக்கி, விற்றமின் பி2 ஆகிய ரைபோஃப்ளேவின் துளியை அரை மணிநேரம் விட்டு ஊற வைத்து, பிறகு அரை மணிநேரம் புற ஊதா ஒளியை மெல்லிதாகப் பாய்ச்சுவார்கள். ஆய்வுகூடத்தில் மனிதக் கோர்னியாவின் விறைப்பு இதனால் நாலரை மடங்காயிற்று. 2003இல் வெளியான அவர்களின் முதல் அறிக்கையில் 23 கண்கள். எல்லாவற்றிலும் நோய் மேலே போகாமல் நின்றது, 16 கண்களில் கூம்பு சற்று இறங்கவும் செய்தது. அமெரிக்கா அனுமதி கொடுத்தது 2016இல்தான். கோர்னியா 400 மைக்ரோனுக்குக் கீழே மெலிந்துவிட்டால் வழமையான முறையில் செய்ய முடியாது; ஒளி உள்ளே போய் பின்பக்கத்து உயிரணுக்களைக் கெடுத்துவிடும். நேரத்தோடு பிடிக்க வேண்டும் என்று நாங்கள் தொண்டை வரளக் கத்துவது இதற்காகத்தான்.

எங்களூரிலிருந்து இதற்குப் பெரும்பாலும் கொழும்புக்குத்தான் போகிறார்கள். இரவு பஸ், விடியற்காலையில் லிப்டன் சுற்றுவட்டத்துக்குக் கிட்ட இறங்கி தேசிய கண் ஆஸ்பத்திரி வரிசை. வெள்ளாமை வெட்டு நடக்கும் மாதத்தில் யாரும் போக மாட்டார்கள். போய்ச் செய்துகொண்டு வந்தவர்களிடம் நான் கேட்கும் முதல் முறைப்பாடு: "இவ்வளவு பாடுபட்டும் கண்ணாடி போகல்லயே." போகாது. கிராஸ்லிங்கிங் பார்வையைக் கூட்டுவதற்கல்ல, இருப்பதைப் பிடித்து நிறுத்துவதற்கு. இதைப் போகுமுன் சொல்லாமல் அனுப்பினால் வீட்டுக்காரர் டொக்டரையும் நம்ப மாட்டார்கள், மற்றக் கண்ணுக்கும் விட மாட்டார்கள். ஒரு பக்கக் குறிப்பு: இத்தனை விறைத்த பிறகும் ஹிஸ்டெரிசிஸ் எண் பெரிதாக மாறுவதில்லை. ஆய்வுகூடத்தில் தெரிகிற பலத்தை ஆளின் கண்ணில் காட்ட மெசின்கள் இன்னும் தடுமாறுகின்றன.

இனிக் கண்ணைக் கசக்கும் கைக்கு வருகிறேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் என் விறாந்தை நிறையும். வயல் வட்டைப் பக்கம் வெட்டு மெசின் ஓடினால் தூசு ஊருக்குள் வரும். பிள்ளைகளுக்குக் கண் கடிக்கும். கடித்தால் கசக்குவார்கள். சிலர் விரல் நுனியால், சிலர் உள்ளங்கையால். மோசமானது முட்டியை மடக்கி விரல் கணுவால் திருகுவது. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2020இல் அளந்து பார்த்தபோது, கணுவால் கசக்கும் விசை விரல் நுனியால் கசக்குவதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. உள்ளிருந்து 15 மில்லிமீட்டர் இரசத்தைத் தாங்கவே திணறும் சுவரில், வெளியிலிருந்து இது நாள்தோறும் பல தடவை. பாரிஸில் டமியன் கத்தினெல் கசக்காவிட்டால் கூம்பே இல்லை என்கிற அளவுக்குப் போகிறார். அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன். குடும்பத்தில் ஓடும் பரம்பரையையும், கசக்காமலே வருகிற ஒரு சிலரையும் வைத்துப் பார்த்தால் கையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கையைத்தான் நாம் பிடித்து நிறுத்தலாம். பரம்பரையைப் பிடிக்க முடியாது.

பரம்பரை என்றதும் இன்னொன்று. இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் 2000இல் வெளியான ஆய்வு ஒன்று, தெற்காசியப் பின்னணியுள்ளவர்களிடம் கெரட்டோகோனஸ் வெள்ளையர்களைப்போல் நாலு மடங்கு என்று கண்டது. சொந்தத்துக்குள் கல்யாணம் ஒரு காரணமாகலாம் என்று பின்னர் வேறு ஆய்வுகள் எழுதின. மாமா மகளும் மாமி மகனும் கட்டுகிற எங்கள் கரையில் இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். கல்யாணத்தைப் பற்றி நான் பேசவில்லை. ஒரு பிள்ளைக்கு வந்தால் தம்பி, தங்கச்சி, மச்சான் பிள்ளைகளையும் ஒருமுறை கூட்டி வாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கடிக்கு மருந்து இருக்கிறது. ஒலோபட்டாடின் போன்ற துளி நாளுக்கு இரண்டு வேளை. நோன்பு மாதத்தில் பாதிப்பேர் அதை நிறுத்திவிடுவார்கள். கண்ணில் விடும் துளி நோன்பை முறிக்காது என்றுதான் பல உலமாக்கள் சொல்கிறார்கள். சந்தேகமிருந்தால் உங்கள் மௌலவியிடம் கேளுங்கள் என்பேன். அதுவும் மனதுக்கு ஒப்பாவிட்டால் ஸஹருக்கு ஒன்று, நோன்பு திறந்ததும் ஒன்று விடச் சொல்வேன், கணக்குச் சரி. பாமசியில் கேட்டதும் தூக்கிக் கொடுக்கிற ஸ்டீரொய்ட் துளிதான் என் தலையிடி. கடி உடனே நிற்கும், பிள்ளைக்குப் பிடித்துவிடும், மாதக்கணக்கில் விடுவார்கள், கடைசியில் கண் அமுக்கம் ஏறி நரம்பு கெட்டுப் போய் வருவார்கள்.

வடிவம் கெட்ட கண்ணுக்குப் பார்வை கொடுப்பது கடினமான கொன்டக்ட் லென்ஸ்தான். கூம்பின் மேல் லென்ஸ் உட்கார, இரண்டுக்கும் இடையில் கண்ணீர் நிரம்பி மேடுபள்ளத்தை மறைத்துவிடும். எழுத்து அட்டையில் முதல் இரண்டு வரியைத் தாண்டாதவன் கடைசி வரிக்குக் கிட்டப் போவான். அந்த நேரத்து முகத்துக்காகத்தான் இந்தத் தொழிலில் பலர் நிற்கிறோம். ஆனால் லென்ஸ் போட்டுக்கொண்டு எங்கள் குளத்தில் குளிக்கக் கூடாது, குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவவும் கூடாது. அகந்தமீபா என்ற ஒற்றைக்கல உயிரி தண்ணீரிலிருந்து லென்ஸுக்குக் கீழே போய்விட்டால் கண்ணையே தின்றுவிடும். குளத்தோரத்தில் பிறந்தவனிடம் குளத்தில் இறங்காதே என்று சொல்வது லேசான வேலையல்ல. 2022இன் டொலர் நெருக்கடியில் லென்ஸ் வராமல் கீறல் விழுந்த பழையதையே போட்டுத் திரிந்தவர்களும் உண்டு.

இன்னொரு வகைப் பெடியன்களையும் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகுமுன் கண்ணாடியைக் கழற்ற வேண்டுமென்று லேசிக் என்ற லேசர் சிகிச்சை கேட்டு வருகிறவர்கள். லேசிக் கோர்னியாவை மேலும் மெலிதாக்குகிறது, அதுவும் பலமுள்ள முன்பக்கத்தை. மறைந்திருக்கும் கெரட்டோகோனஸில் அதைச் செய்தால் கூம்பு வெடித்துக்கொண்டு வரும். வடிவப் படம் எடுக்காமல் லேசிக் செய்யலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

எல்லாம் கைவிட்டால் கோர்னியா மாற்றுச் சிகிச்சை இருக்கிறது. அதில் இலங்கைக்கு ஒரு பெருமை உண்டு. ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தான சங்கம் 1964இல் சிங்கப்பூருக்குக் கண் அனுப்பத் தொடங்கி, பிறகு பாகிஸ்தான் உட்படப் பல நாட்டுக்கு ஆயிரக்கணக்கில் அனுப்பியது. கெரட்டோகோனஸுக்காகச் செய்யும் மாற்றுச் சிகிச்சை, மற்ற நோய்களுக்குச் செய்வதைவிட நன்றாகப் பிடிக்கும். ஆனாலும் தையலும் துளியும் பயமுமாக வருடக்கணக்கில் நீளும் விஷயம் அது. பதினாறு வயதில் பிடித்திருந்தால் பலருக்கு அது வரை போகத் தேவையிருந்திராது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் நம்பர் வருடத்துக்குள் இரண்டு தரம் மாறினால் மூன்றாவது கண்ணாடி எடுக்கவேண்டாம். கண் டொக்டரிடம் போய், கோர்னியாவின் வடிவப் படம், டொப்போகிரபி, எடுக்க முடியுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். போகும்போது பழைய துண்டையும் பழைய கண்ணாடியையும் கையோடு கொண்டு போங்கள். கண்ணைக் கசக்குகிற கையை இன்றைக்கே பிடியுங்கள்.